மூப்பரம்மாவின் மகள் – 17: கையெழுத்து இல்லாத மனு

காலை ஏழு மணிக்கெல்லாம் இளையபெருமாள் அம்மாவின் படத்தோடு வந்துவிட்டார். செய்தித்தாளில் சுற்றிச் சணல் கட்டிய படத்தை, பைக்கின் பின்னால் உட்கார்ந்திருந்த மகள் வளர்மதி மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

கலைச்செல்வி சணலை அவிழ்த்தாள். ரேஷன் கார்டுக்கு எடுத்த பழைய படத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். அதே வெள்ளைச் சேலை, அதே இறுக்கிய வாய். புருவங்களுக்கு நடுவே மட்டும் ஒரு சிவப்புப் பொட்டு.

"அம்மா எப்பண்ணா பொட்டு வெச்சாங்க?"

"வெக்கல. ஸ்டூடியோக்காரன் வெச்சான்." இளையபெருமாள் செருப்பைக் கழற்றாமலே பேசினார். "மூணு மணிக்கு ஆர்.ஐ. வர்றாரு. அவரு வர்றதுக்குள்ள இது செவுத்துல இருக்கணும். அந்தச் சிலுவ, வசன காலண்டரு, பைபிளு எல்லாத்தையும் உள்ள எடுத்து வெச்சிரு. எல்லாம் இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான்."

இன்று ஒரு நாள். அம்மா, மூப்பர் எஸ்தர் மீனம்பாள், மண்ணுக்குள் போய் முப்பதாம் நாள். பதினொரு மணிக்கு நினைவு ஆராதனை. செஞ்சியில் உள்ள கிறிஸ்தவச் சபையின் நிர்வாகத்துக்கு மூப்பராக வந்த முதல் பெண் அவள். இருபத்திரண்டு வருடம் அந்தப் பொறுப்பில் இருந்தாள்.

அதே நாளில்தான் வருவாய் ஆய்வாளரின் விசாரணையும் வைத்திருந்தார்கள். குரூப் ஃபோர் தேர்வில் தேறி, வேலை உத்தரவு வரும் நேரத்தில் வளர்மதியின் சாதிச் சான்றிதழ் மீது ஒரு மனு போயிருந்தது. 'இந்தப் பெண்ணின் குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம். பட்டியல் சாதிச் சான்றுக்கு இவர்களுக்கு உரிமை இல்லை.' மனுவின் கீழே பெயரும் இல்லை, கையெழுத்தும் இல்லை.

யார் போட்டது என்று இளையபெருமாள் மூன்று வாரமாகத் தலையை உடைத்துக்கொண்டிருந்தார். கூட வேலை பார்க்கும் வாத்தியார்மேல் சந்தேகப்பட்டார். பக்கத்து வீட்டுக்காரனிடம் சண்டைக்குப் போனார்.

போட்டவள் கலைச்செல்வி.

அம்மாவைப் புதைத்த நாளில் அண்ணன் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே நின்றுவிட்டார். ஒரு பிடி மண் போட உள்ளே வரவில்லை. மறுநாள் வல்லத்தில் தன் பள்ளிக்கூடத்துக்காரர்களுக்காக அவர் அடித்த நோட்டீஸில் எஸ்தரும் இல்லை, மூப்பரும் இல்லை. 'திருமதி மீனம்பாள் இறைவனடி சேர்ந்தார்' என்று மட்டும் இருந்தது. அன்று சாயங்காலமே கலைச்செல்வி நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதி, பஸ் ஸ்டாண்டு தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள். பெட்டியின் வாயிலிருந்து கையை எடுத்த நிமிஷமே மறுபடி உள்ளே விட்டுத் துழாவினாள். உள்ளே விழுந்ததை எப்படித் திரும்ப எடுப்பது?

"இன்னா நின்னுக்கினே இருக்க? முடியாதுன்னா சொல்லிடு. சண்ட போட எனக்குத் தெம்பு இல்ல," என்றார் இளையபெருமாள்.

"சுத்தியல எங்க வெச்சேன்னு பாக்குறேன்," என்றாள் கலைச்செல்வி.

சிலுவையை அவளே இறக்கினாள். அது இருந்த இடத்தில் சுவர் வெளுப்பாக, சிலுவை வடிவிலேயே தெரிந்தது. படத்தை அதன்மேல் மாட்டி மறைத்தாள். அண்ணன் ஆச்சரியமாகப் பார்த்தார். ஒரு பெரிய சண்டையை எதிர்பார்த்து வந்தவர் அவர்.

வளர்மதி மட்டும் படத்தைப் பார்க்காமல் நின்றாள். "நைனா, நானும் ஆராதனைக்குப் போயிட்டு வரட்டா? பின்னாடி உக்காந்துட்டு வந்துடறேன்."

"மூணு வருஷம் விழுப்புரத்துல கோச்சிங் போயி, காலைல நாலு மணிக்கு எழுந்து படிச்சது மறந்துபோச்சா? அங்க எவனாவது போன்ல புடிச்சிக்கினு இருப்பான். நீ வூட்ட வுட்டு நகரக்கூடாது."

"எங்க ஆயா நைனா."

"எனக்கு அம்மா. நானே போவல."

வளர்மதி படத்துக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். இந்த வீட்டில்தான் பள்ளிக்கூட விடுமுறை எல்லாம் கழித்தவள். அத்தை கையால் சாப்பிட்டு, ஆயா பக்கத்தில் படுத்து வளர்ந்தவள்.

கலைச்செல்வி வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு கிளம்பும்போது இளையபெருமாள் வாசல்வரை வந்தார். "வாழ்க்கைக் குறிப்பு நீதான வாசிக்கிற? அதுல எம்பேரு வேணாம்."

"பேரு வேணாம்னா? அம்மாவுக்குப் புள்ளையே இல்லன்னு வாசிக்கட்டுமா?"

அவர் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கு வேண்டியது அதுதான் என்பது அவளுக்குப் புரிந்தது.

---

சபைக் கோயில் நிறைந்திருந்தது. தொண்டூரிலிருந்தும் வல்லத்திலிருந்தும் வேன் வைத்து வந்திருந்தார்கள். கோட்டைப் பாறையின் சூடு பத்தரை மணிக்கே தெருவுக்குள் இறங்கிவிட்டது. உள்ளே இடமில்லாதவர்கள் வேப்பமரத்தடியில் நின்றார்கள். அவர்களுக்காக ஒலிபெருக்கியை வெளியே திருப்பி வைத்திருந்தார்கள்.

எதிரே டீக்கடையில் இளையபெருமாள் நின்றார். அது அவருடைய வழக்கமான இடம். இருபத்தாறு வருடமாக ஞாயிறு தவறாமல் வல்லத்திலிருந்து வந்து, அம்மாவை பைக்கில் ஏற்றிக் கோயில் வாசலில் இறக்கிவிடுவார். ஆராதனை முடியும்வரை இந்தக் கடையில் நின்று, மறுபடி வீட்டில் கொண்டுபோய் விடுவார். ஒரு நாளும் வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை.

கலைச்செல்வி மைக் முன்னால் தாளைப் பிரித்தாள்.

"எங்க அம்மா தொண்டூர்ல பொறந்தாங்க. கல்யாணம் ஆயி செஞ்சிக்கு வந்தாங்க. அப்புறம் எங்கப்பாவும் அவங்களும் ஞானஸ்நானம் எடுத்தாங்க. எங்கப்பா சீக்கிரமே போய்ச் சேந்துட்டாரு. மல்லாட்டைக் கொல்லையில கடல பறிக்கிற கூலிக்குப் போயி எங்கள வளத்தாங்க. முப்பது வயசுக்கு மேலதான் எழுத்துக் கத்துக்கினாங்க. மொதல்ல எழுதினது அவங்க பேருதான். எஸ்தர்னு எழுதத் தெரிஞ்ச அன்னிக்கு எங்க ஸ்லேட்டு, வூட்டுச் செவுரு, அடுப்பங்கர கதவு எல்லாத்துலயும் எழுதிவெச்சாங்க."

சனம் சிரித்தது. அவளுக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. அடுத்த வரிக்கு வந்தாள். தாளில் 'ஒரு மகன், ஒரு மகள்' என்று இருந்தது.

"அவங்களுக்கு... ஒரு மகள்."

முன்வரிசையில் யாரோ தலையைத் திருப்பினார்கள். கலைச்செல்வி நிறுத்தாமல் வாசித்து முடித்து வந்து உட்கார்ந்தாள். 

அடுத்து பாட்டு என்று போதகர் அறிவிப்பதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து அம்மாக்கண்ணு எழுந்தாள். எழுபது வயது. யாரும் அவளைப் பேசக் கூப்பிடவில்லை. நேராகப் போய் மைக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு புள்ள இல்ல. ரெண்டு புள்ள. பிரசவத்துக்கு நான் கூட இருந்தவ, எனக்குத் தெரியும்."

"அம்மாக்கண்ணு அக்கா..." என்று போதகர் எழுந்தார்.

"இருங்கய்யா. ரெண்டு நிமிஷம்." அவள் சனத்தின் பக்கம் திரும்பினாள். "எம்பொண்ணு ராஜாம்பாள் தன் உயிரத் தானே மாச்சிக்கினா. உங்கள்ல பல பேருக்குத் தெரியும். அப்ப இருந்த கமிட்டி, இந்த மாதிரி செத்தவங்கள கல்லறத் தோட்டத்துச் சுவத்துக்குள்ள பொதைக்க முடியாதுன்னுட்டாங்க. வெளிய, குப்ப மேட்டாண்ட குழி வெட்டச் சொன்னாங்க. மீனம்பா அப்ப மூப்பரும் இல்ல, ஒண்ணும் இல்ல. மல்லாட்டைக் கொல்லையிலருந்து நேரா வந்துச்சு. சுவத்துக்கு உள்ள நாங்க மொதல்ல வெட்டிப் போட்ட மண்ணு மேல ஏறி உக்காந்துக்கிச்சு. இந்தப் புள்ளைய வெளிய பொதைக்கிறதுன்னா என்னியும் சேத்து வெளிய பொதைங்கன்னு சொல்லிச்சு. பன்னெண்டு மணிக்கு உக்காந்தது, அஞ்சு மணி வரைக்கும் எழுந்துக்கல. கடைசில எம்பொண்ண உள்ளதான் வெச்சாங்க."

மறுவருடம் பெண்கள் எல்லாம் சேர்ந்து மீனம்பாளை மூப்பராக்கியது இதனால்தான் என்பது பெரியவர்களுக்குத் தெரியும்.

"ஊரான் பொண்ண உள்ள வெக்க அம்மாம் நேரம் உக்காந்த மகராசி. அவளப் பொதைக்கிற அன்னிக்கு அவ பெத்த புள்ள சுவத்துக்கு வெளிய நின்னுது. இந்த ரெண்டு கண்ணால பாத்தேன். உத்தியோகம் பெருசுதான். நான் இல்லங்கல. ஆனா அம்மாம் பெருசா?"

ஒலிபெருக்கியில் அது தெருக்கோடிவரை கேட்டிருக்கும். டீக்கடையிலும் கேட்டிருக்கும். இரண்டு தெரு தள்ளி, வீட்டில் வளர்மதிக்கும் கேட்டிருக்கும். கலைச்செல்வி குனிந்துகொண்டாள். அண்ணனைப் பற்றி இந்த வார்த்தைகளை யாராவது சொல்ல மாட்டார்களா என்று ஒரு மாதமாகக் காத்திருந்தவள் அவள். சொன்னதும் மனசு ஆறவில்லை.

போதகர் மைக்கை வாங்கினார். சின்ன வயசுக்காரர், நல்ல மனுஷன். நிலைமையைச் சரிசெய்யத்தான் அவர் பேசினார்.

"மூப்பரம்மாவோட தாழ்மையப் பத்தி ஒண்ணு சொல்றேன். திருவிருந்து ஞாயிறுன்னா அவங்கதான் ஒவ்வொரு வரிசையா உங்கள எழுப்பி, அப்பமும் ரசமும் வாங்கக் கூட்டிட்டு வருவாங்க. கடைசி வரிசை முடிஞ்சதும் பாத்திரத்த எடுத்துக் கழுவப் போயிடுவாங்க. நான் இங்க வந்து பதினோரு வருஷம். ஒரு தடவகூட அவங்க திருவிருந்து எடுத்ததில்ல. கேட்டா, அடுத்த மாசம் பாக்கலாம் ஐயான்னு சொல்லுவாங்க. எனக்கு முன்னாடி இருந்த போதகரும் பொறுப்ப ஒப்படைக்கும்போது இதச் சொன்னார். தொண்ணூத்தொம்பதாம் வருஷத்துலருந்தே எடுக்கலயாம். தனக்குத் தகுதியில்லன்னு நெனச்ச அந்தத் தாழ்மை நமக்கு வரணும்."

சிலர் ஆமென் என்றார்கள். ஒன்றிரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள்.

கலைச்செல்வி நிமிர்ந்தாள்.

தொண்ணூற்றொன்பது.

எல்லோரும் போனபிறகு உள்ளறையில் அம்மா தனியாக எடுத்துக்கொள்கிறாள் என்றுதான் இத்தனை வருடம் அவள் நினைத்திருந்தாள். பக்கத்திலேயே இருந்தும் ஒரு நாளும் கேட்டதில்லை.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, தொண்ணூற்றேழில், கலைச்செல்விக்குக் கிராம செவிலியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. சாதிச் சான்றிதழ் விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். அம்மா மடியில் பைபிளை வைத்துக்கொண்டு சொன்னாள்: "நாங்க இயேசுவக் கும்பிடறவங்க சாமி. பொய் சொல்ல மாட்டேன்." மதம் மாறியவர்களுக்கு அந்தச் சான்று செல்லாது. இடம் போனது. அந்த உத்தியோகத்தை நம்பிப் பேசி முடித்திருந்த சம்பந்தமும் போனது. அதன்பிறகு நர்சரிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுத்தே கலைச்செல்விக்கு ஐம்பது வயதாகிவிட்டது.

தொண்ணூற்றொன்பதில் அண்ணனின் வாத்தியார் வேலைக்கு இன்னொரு அதிகாரி வந்தார். கலைச்செல்வி அடுப்பங்கரையில் நின்று கேட்டாள். "எம்புள்ள சபைக்கெல்லாம் போறதில்ல சாமி. ஞானஸ்நானமும் எடுக்கல. மாரியம்மனுக்குக் கூழு ஊத்துறவன்," என்றாள் அம்மா. குரலில் ஒரு பிசிறும் இல்லை.

அன்று சாயங்காலம் கலைச்செல்வி கேட்டாள்: "எனக்கு ஏம்மா அந்தப் பொய்ய சொல்லல?" அம்மா அரிசி களைந்துகொண்டே இருந்தாள். சாகும்வரை பதில் சொல்லவில்லை.

இப்போதுதான் தெரிகிறது, பாவத்தோடு அப்பத்தைத் தொடக்கூடாது என்று ஒதுங்கிய அம்மா, அந்தப் பொய்யோடு ஒரு மாதமும் நிம்மதியாக இருந்ததில்லை என்று. தெரிந்து என்ன? கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லையே. மகளுக்கு உண்மை, மகனுக்குப் பொய். நடந்தது நடந்ததுதான்.

---

கூட்டம் கலைந்ததும் அவள் டீக்கடைக்குப் போனாள். இளையபெருமாள் கையில் டீ ஆறி ஏடு கட்டியிருந்தது. கடைக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மாக்கண்ணு பேசினத வுடு," என்றார். "அது பேசும். போதகர் சொன்னாரே, அது நெஜமா?"

"நெஜமாத்தான் இருக்கும்."

"எந்த வருஷம்னாரு?"

"உனக்குக் கேட்டுச்சுல்ல."

அவர் டீயைக் கீழே ஊற்றிவிட்டு கிளாஸை வைத்தார். "ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம எங்கூட வண்டில வந்தாங்க கலை. ஒரு வார்த்த சொல்லல. இந்தப் பள்ளத்துல பாத்துப் போடா, அந்தப் பள்ளத்துல பாத்துப் போடான்னு ரோட்டப் பத்தியேதான் பேசிக்கினு வருவாங்க."

அண்ணன் அழப்போகிறார் என்று நினைத்தாள். அவர் அழவில்லை. சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து, "மணி ஒண்ணரை ஆவுது. வா," என்றார்.

---

வருவாய் ஆய்வாளர் சொன்ன நேரத்துக்கு வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். வெயிலில் வந்த களைப்பு. தண்ணீர் வாங்கிக் குடித்தார், நாற்காலியில் உட்கார்ந்தார், ஃபைலைப் பிரித்தார். அப்புறம்தான் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இவங்கதான் உங்கம்மாவா?"

"ஆமா சார்," என்றார் இளையபெருமாள்.

"எனக்குத் தெரியும் இவங்கள. எட்டு வருஷம் முன்னாடி எங்கம்மா இடுப்பு ஒடஞ்சி பெரியாஸ்பத்திரில கெடந்தாங்க. எங்க அக்கா வந்து சேர்றதுக்குள்ள மூணு நாளு. அந்த மூணு நாளும் இவங்கதான் துணி மாத்திவுட்டாங்க. வார்டுல யாரையோ பாக்க வந்தவங்க. ஜெபம் பண்ணட்டுமான்னு கேட்டாங்க. எங்கம்மா வேணான்னாங்க. சரிம்மான்னுட்டு, அழுக்குத் துணிய மட்டும் எடுத்துக்கினு போயி தொவச்சுக் கொண்டாந்தாங்க." அவர் நிறுத்தினார். "அப்ப பொட்டு இல்லியே."

இளையபெருமாளின் முகம் சுண்டிப்போனது. 

"அது ஸ்டூடியோவுல வெச்ச பொட்டு சார்." வளர்மதி எழுந்து நின்றாள். "எங்க ஆயா கிறிஸ்டியன்தான். சபை மூப்பர். அத மறைக்க வேணாம். ஆனா நான் ஞானஸ்நானம் எடுக்கல. எங்கம்மா சீயமங்கலத்துக்காரங்க, எங்க சாதிதான், இந்து. நான் பொறந்ததுலருந்து எங்கம்மாகூட மாரியம்மன் கோயிலுக்குத்தான் போறேன். யார வேணா விசாரிங்க."

"சரிம்மா. உங்க அப்பா?"

"அவர் சர்ச்சுக்குப் போவ மாட்டாரு சார்."

"இப்ப போவ மாட்டாரு. பொறந்தப்ப?"

வளர்மதி அப்பாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். ஆய்வாளர் ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"இதான் வந்த மனு. பேரு இல்லாத மனுவ எப்பவும் இவ்ளோ தூரம் எடுக்க மாட்டோம். இதுல வெவரம் எல்லாம் வூட்டு ஆளு எழுதின மாதிரி இருக்குது. யார் எழுத்துன்னு தெரியுதா பாருங்க."

இளையபெருமாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை வாங்கினார்.

கலைச்செல்வி அடுப்பங்கரை நிலையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா மல்லாட்டைக் கொல்லைக்குக் கூலிக்குப் போனபிறகு, அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, கையைப் பிடித்து ஸ்லேட்டில் எழுதப் பழக்கியவர் அண்ணன்தான். வகரத்தை அவள் எழுதும் விதம் அவர் சொல்லித்தந்தது. வயிறு பெருத்து, வால் மேலே ஏறும்.

அவர் முதல் வரியைப் படித்தார். இரண்டாவது வரியைப் படித்தார். மூன்றாவது வரியில் கண் நின்றுபோனது. தலையைத் தூக்கித் தங்கையைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வைதான்.

தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "தெரியாது சார்."

"நல்லாப் பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேன் சார். தெரிஞ்ச எழுத்து இல்ல."

ஆய்வாளர் கலைச்செல்வியிடம் திரும்பினார். "நீங்கதான் கூடவே இருந்தவங்க. உங்க வாக்குமூலம் வேணும். உங்க அண்ணன் குடும்பத்தப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சத எழுதிக் குடுங்க."

"அவளுக்கு ஒடம்பு சரியில்ல சார்," என்று இளையபெருமாள் அவசரமாக எழுந்தார். "அவ சொல்லட்டும், நான் எழுதறேன். கீழ கையெழுத்து மட்டும் போடட்டும்."

"இல்ல சார். அவங்களேதான் எழுதணும்."

அண்ணன் தன்னைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்பது கலைச்செல்விக்குத் தெரிந்தது. அதைத் தாங்க முடியவில்லை. பேனாவை வாங்கினாள். தரையில் உட்கார்ந்து, ஒரு நோட்டைத் தாளுக்கு அடியில் வைத்து எழுதத் தொடங்கினாள்.

என் அண்ணன் மகள் வளர்மதி ஞானஸ்நானம் பெறாதவள் என்று எழுதினாள். என் அண்ணன் இருபத்தாறு வருடமாகச் சபைக் கோயில் வாசலுக்குள் கால் வைத்ததில்லை என்று எழுதினாள். இது போதும், நிறுத்திவிடலாம். ஆனால் அந்த மனு அவர்கள் கையில் இருக்கிறது. எழுத்து ஒன்றுதான் என்று நாளைக்கே யாராவது கண்டுபிடித்தால், இதையும் பொய் என்பார்கள். அதனால் அடுத்த வரி எழுதினாள்: 'அந்த மனுவை எழுதியவள் நான். என் அண்ணன் மேல் இருந்த கோபத்தில் எழுதினேன்.'

கோபம் ஏன் என்று எழுத வேண்டியிருந்தது. தொண்ணூற்றேழை எழுதினாள். அதற்குப் பக்கத்தில் தொண்ணூற்றொன்பதையும் எழுதினாள். 'எனக்கும் அண்ணனுக்கும் குழந்தையிலேயே ஞானஸ்நானம் கொடுத்தார்கள். என் விஷயத்தில் அம்மா உண்மை சொன்னார்கள். அண்ணனுக்காகப் பொய் சொன்னார்கள்.' இருபத்தெட்டு வருடம் யாரிடமும் சொல்லாததெல்லாம் பேனா வழியே ஓடியது. எழுதி முடித்தபோது அவளுக்கு உடம்பு லேசாகிவிட்டது போலிருந்தது. அந்த லேசு கொஞ்ச நேரம்தான் இருந்தது.

"சாட்சிக் கையெழுத்து ஒண்ணு வேணும்," என்றார் ஆய்வாளர். வளர்மதி முன்னால் வந்து தாளை வாங்கினாள்.

நின்றபடியே படித்தாள். பாதியில் அவள் உதடு வெளுத்தது. ஆனாலும் கடைசி வரிவரை படித்தாள். பிறகு பேனாவை வாங்கி, தெளிவாக, முழுப் பெயரோடு கையெழுத்துப் போட்டுத் தேதியும் எழுதினாள்.

ஆய்வாளர் வாங்கிப் படித்தார். இரண்டு தடவை படித்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"பாப்பாவுக்கு இது நல்லதுதான். பாப்பா ஞானஸ்நானம் எடுக்கலன்னு மனு போட்டவங்களே எழுதிட்டாங்க. என் ரிப்போர்ட்டுல அப்படியே எழுதறேன், முடிவு மேல பண்ணுவாங்க." பிறகு அவர் குரல் தாழ்ந்தது. "ஆனா வாத்தியார் சார், இதுல உங்க வேலையும் வருது. நான் படிச்சுட்டேன். படிக்காத மாதிரி இருக்க எனக்கு வழியில்ல. திங்கக்கிழம பத்து மணிக்கு உங்க பழைய பேப்பரெல்லாம் எடுத்துக்கினு ஆபீஸுக்கு வாங்க. அம்மா, நீங்களும் வரணும்."

போகும்போது அவர் படத்தின் முன்னால் ஒரு நிமிஷம் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

கலைச்செல்விக்கு அப்போதுதான் உறைத்தது. அண்ணன் மகளைக் காப்பாற்ற எழுதியதில் அண்ணனைக் காட்டிக்கொடுத்துவிட்டாள்.

"வளரு..." என்று கையை நீட்டினாள்.

வளர்மதி பின்னால் நகர்ந்தாள். "ஆயா உன் விஷயத்துல உண்மையச் சொன்னாங்க. உனக்கு வேல போச்சு. ஒத்துக்கறேன். அதுக்கு நான் இன்னா பண்ணேன் அத்த?"

"நீ ஒண்ணும் பண்ணல."

"பரிச்ச ரிசல்ட் வந்தப்ப மொதல் போன் உனக்குத்தான் பண்ணேன். எங்கம்மாவுக்குக்கூட அப்புறம்தான். நீ போன்ல அழுத. சந்தோஷத்துல அழறேன்னு நெனச்சேன்."

"சந்தோஷத்துலதான்டி அழுதேன். சத்தியமா."

"எனக்கு எப்டித் தெரியும்?" வளர்மதி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "நைனா, நான் பஸ்ஸுல போறேன். நீ பொறுமையா வா." தெருமுனை திரும்பும்வரை கலைச்செல்வி பார்த்துக்கொண்டே நின்றாள்; வளர்மதி ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் இரண்டு பேரும் மிஞ்சினார்கள். இளையபெருமாள் போனை எடுத்தார், யாரையோ கூப்பிட நினைத்தார், வேண்டாமென்று சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். ஓங்கி ஒரு அறை விட்டாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

"மனுவுல மூப்பர்னு அழகா எழுதியிருந்த," என்றார் அவர். "நோட்டீஸுல நான் போடாதது. மூணாவது வரில."

"அண்ணா..."

"இன்னும் ஏழு வருஷம் இருக்குது எனக்கு ரிட்டயராவ. வீட்டு லோனு இருக்குது. அதெல்லாம் உனக்குத் தெரியும்." அவர் வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினார். ஒரு செருப்பின் வார் சிக்கிக்கொண்டது. குனிந்து அதைச் சரிசெய்தபடியே கேட்டார்: "திங்கக்கிழம ஒன்னிய தனியா கூப்பிட்டுக் கேப்பாங்க. இது நெஜமா, கோவத்துல எழுதினதான்னு. இன்னா சொல்லப் போற?"

"தெரியலண்ணா. நெஜமாவே தெரியல."

இளையபெருமாள் நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது. குரல் மட்டும் வகுப்பில் பேசுகிற மாதிரி நிதானமாக இருந்தது.

"ரெண்டு நாள் இருக்குது. முடிவு பண்ணதும் மொதல்ல எங்கிட்ட வந்து சொல்லு. லெட்டர் போடாத."